காட்டுத் திட்டத்தில் நம் சொல் ஏற வேண்டும்

எங்கள் பேரிகை, சூளகிரி பக்கம் ராகி கதிர் பிடித்தாலே யானைப் பேச்சுதான். காட்டில் புல்லை அமுக்கிவிட்டு உண்ணிச்செடி மண்டிக் கிடக்குது என்று மாடு மேய்த்த பெரியவர்கள் சொல்வார்கள். அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

கர்நாடகாவில் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களைப் பாருங்கள். கோடை முற்றும் முன் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். 'தரகு பெங்கி' என்பார்கள். சரணாலயம் வந்தபின் அது தடைபட்டது. அதனால்தான் உண்ணிச்செடி பெருகிச்சு, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறிச்சு என்பது அவர்கள் கணிப்பு. பெங்களூரு ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் மாதிரித் திடல் போட்டு அளந்தார்கள். 1997இல் நூற்றுக்கு 41 திடல்களில் இருந்த உண்ணிச்செடி, 2008இல் 81 ஆகியிருந்தது.

2011இல் அங்கே 25 கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை கிடைத்தது. சோளகர்களின் தெய்வ இடங்கள் ஜிபிஎஸ் கருவியோடு வரைபடத்தில் ஏறின.

இதைப் படித்துவிட்டு யாரும் காட்டில் தீ வைத்துவிடாதீர்கள். நமக்கான வேலை வேறு. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். அடுத்த கிராம சபையில் அதைக் கேளுங்கள். ஏரி, மேய்ச்சல் நிலம், யானைத் தடம், நாட்டு ராகி ரகம் எல்லாம் அதில் ஏறட்டும். மாடு மேய்த்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே ஏறட்டும்.