இரண்டு புள்ளி தெரிகிறதா?

தொடர் – 9

1904-ல் கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார். நகரில் 173 பிள்ளைகள். மலேரியாக் கிருமி இருந்தது ஒரே ஒருவரிடம். நகரையும் துறைமுகத்தையும் தாண்டி, மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் 298 பிள்ளைகள். 101 பேரிடம் கிருமி. மலேரியாவைப் பரப்பும் கொசுவை ஒழிக்க 1901-ல் தொடங்கிய வடிகால் வேலை எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். தோட்டத்து லயங்களில் நம் பாட்டன், பூட்டன்மாரைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன காய்ச்சல் அது. வாட்சனைப் பற்றிச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம், அவர் குனிந்து பார்த்த கருவி.

மைக்ரோஸ்கோப் என்றதும் எல்லாரும் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசாக்கும்?" விற்பவர்களும் பெட்டிமேல் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த எண்ணை வைத்துக் கருவி வாங்கினால் ஏமாறுவது நிச்சயம்.

மலேரியாக் கிருமி இளம் பருவத்தில் சிவப்பணுவுக்குள் சிறு வளையமாக இருக்கும். சிவப்பணுவின் குறுக்களவே ஏழெட்டு மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வளையத்தின் விளிம்பில், சாயம் ஏறிச் சிவந்த ஒரு புள்ளி. ஆளைக் கொல்லும் பால்சிபாரம் வகையில் ஒரே வளையத்தில் இரண்டு புள்ளிகள் அடிக்கடி காணப்படும். எந்த வகை என்று முடிவுகட்ட ஆய்வுக்கூடத்தில் தேடும் அடையாளங்களில் இது ஒன்று.

40 மடங்கு லென்ஸோடு 25 மடங்கு கண்லென்ஸைச் சேர்த்தால் 1000 மடங்கு. 100 மடங்கோடு 10 மடங்கைச் சேர்த்தாலும் அதே 1000. ஆனால் முதலாவதில், 0.4 மைக்ரானைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரே திட்டாகிவிடும். இரண்டாவதில் லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள், 0.2 மைக்ரான் இடைவெளிகூடப் பிரிந்து தெரியும். நடுவில் காற்று இருந்தால், சாய்ந்து வரும் ஒளிக்கதிர்கள் விலகி லென்ஸுக்குத் தப்பிவிடும். எண்ணெய் கண்ணாடியைப் போலவே ஒளியை நடத்துவதால் அவையும் உள்ளே வந்து சேரும். நுணுக்கமான விவரங்களைச் சுமந்து வருபவை அந்தச் சாய்ந்த கதிர்கள்தாம். ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இதற்கு எல்லை கட்டிவிட்டார்: ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே எத்தனை மடங்கு கூட்டினாலும் மங்கல்தான் பெரிதாகும். உருப்பெருக்கம் வேறு, பிரிதிறன் வேறு.

பிரிக்பீல்ட்ஸ் படக்கடைகளிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் வந்த தாத்தாவின் படத்தை நீட்டி, "அண்ணே, மாலை போடுற அளவுக்குப் பெருசா போட்டுக் குடுங்க" என்பார்கள். அண்ணனும் போட்டுத் தருவார். முகம் பெரிதாகும், படத்தில் பதியாத இமைமுடி எங்கிருந்து வரும்? இப்போது ஏஐ அதையும் வரைந்து கொடுக்கிறது. அது யார் வீட்டுத் தாத்தாவின் இமையோ!

பிரிதிறனும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. சரவாக்கின் கப்பிட் பகுதியில் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தைப் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 120 பேரிடம் இருந்தது குரங்குகளில் வாழும் நோலெசி கிருமி. மைக்ரோஸ்கோப்பில் அது மலேரியே என்ற சாதுவான வகையை அப்படியே உரித்து வைத்திருக்கும். எண்ணெய் விட்டாலும் பயனில்லை. லென்ஸில் குறையில்லை, சாயலே அப்படி. மலேரியே ஒருமுறை பெருக 72 மணி நேரம் எடுக்கும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும், சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மலேசியாவில் இன்று, தகட்டில் மலேரியே போலத் தெரிந்தால் அதோடு விட்டுவிடுவதில்லை. இரத்தம் பிசிஆர் என்ற மரபணுச் சோதனைக்கும் போகிறது.