கேம்பிரிட்ஜில் ஆனர்ஸ் பட்டம்

கணிதமேதை இராமானுஜன் பற்றிய பாடத்தின்போது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், கேம்பிரிட்ஜில் அவர் எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்டாள். "அவர் அந்தத் தேர்வையே எழுதவில்லை, ஆய்வுக்காக 1916இல் பி.ஏ. பட்டம் தந்தார்கள்" என்றேன். அவள் கேள்விதான் அங்குள்ள ஆனர்ஸ் படிப்பைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

கேம்பிரிட்ஜில் ஆனர்ஸ் படிப்புக்கு 'டிரைபோஸ்' என்று பெயர். பெரும்பாலும் மூன்றாண்டுகள். விரிவுரைகளைப் பல்கலைக்கழகம் நடத்தும். அத்துடன் கல்லூரிகள் 'சூப்பர்விஷன்' என்னும் சிறு வகுப்புக்கு ஏற்பாடு செய்யும். இரண்டு மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஏறத்தாழ ஒரு மணி நேரம். மாணவர் முன்பே எழுதிக் கொடுத்த கட்டுரையையோ கணக்கையோ வைத்து, எங்கே பிழை, ஏன் பிழை என்று பேசுவார்கள். இந்த வேலைக்கான மதிப்பெண் பட்டத்தில் சேராது, கற்பதற்காக மட்டுமே.

இன்று தேர்ச்சி பெறுவோர் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, மூன்றாம் வகுப்பு என்று பிரிக்கப்படுகிறார்கள். முன்பு கணித டிரைபோஸில் முதல் வகுப்பினர் 'ராங்ளர்' எனப்பட்டனர். முதலிடம் பெற்றவர் 'சீனியர் ராங்ளர்'. தர வரிசைப்படி பெயர்களை வாசிப்பார்கள். அந்த இடத்துக்காக மாணவர்கள் தனிப்பயிற்சி ஆசிரியர்களை நாடினர். 1898இல் நான்காம் இடம் பெற்ற ஜி.எச். ஹார்டியே அம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். தரவரிசை வாசிப்பு 1909உடன் நின்றது.

1890இல் பிலிப்பா ஃபாசெட் சீனியர் ராங்ளரைவிட அதிக மதிப்பெண் பெற்றார். பெண் என்பதால் அப்பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு முழுப் பட்டம் 1948இல்தான் வந்தது. வரிசை எல்லோரையும் சமமாக அளப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பொதுத்தேர்வுகளிலும் 2017 முதல் முதலிட அறிவிப்பு இல்லை. ஆனால் ரேங்க் கேட்கும் பழக்கம் போகவில்லை. சூப்பர்விஷனை நம்மால் அப்படியே கொண்டுவர முடியாது. என் வகுப்பில் நாற்பது பேர். நாளுக்கு இருவர் வீதம், அவர்களது கணக்கு நோட்டுடன் பத்து நிமிடம் அமர்ந்தால், இருபது வேலைநாளில் ஒரு சுற்று முடியும். தொடங்கிவிட்டேன். முதல் நாள் வந்தவள் கேள்வி கேட்ட மாணவிதான். விடைகள் எல்லாம் சரி. "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றேன். பதில் இல்லை. நான் இட்ட 'சரி' குறிகள் இதை எனக்குச் சொன்னதே இல்லை.