உசிக்கை அலியின் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?

2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை காலை. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், காஹாங் பட்டணத்தில், வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திப் பசியாறும் ஒரு கடை. பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் கைப்பேசியை நீட்டி, எதிரில் இருந்த பெரியவருக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நம் நேரப்படி அன்று விடியற்காலையில்தான் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒலெக்சாண்டர் உசிக், டேனியல் டுபோவாவை ஐந்தாவது சுற்றில் சாய்த்திருந்தார்.

“அலிக்குப் பிறகு இவன்தான் மாமா” என்றார் இளைஞர்.

“அலியப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? அவரு நம்ம நாட்டுக்கே வந்து சண்டை போட்ட ஆளு” என்றார் மாமா. தோட்டத்து முடிதிருத்தும் கடையில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, சிறுவர்கள் சுற்றி நின்று அந்தச் சண்டையைக் கேட்ட கதையையும் சொன்னார். தே தாரேக் ஆறியது. வாதம் ஆறவில்லை.

நமக்கும் அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. இன்றைய வெற்றியாளரை அன்றைய ஜாம்பவான்களோடு எப்படி ஒப்பிடுவது?

எத்தனை காலம் ஆண்டார்?

பலரும் முதலில் எடுக்கும் அளவுகோல் இதுதான். இதில் ஜோ லூயிசை நெருங்க ஆளில்லை. 1937 ஜூனில் பட்டத்தை வென்றவர், 1949 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை 25 முறை அதைத் தற்காத்தார். லேரி ஹோம்ஸ் 20 முறை தற்காத்தார். விளாடிமிர் கிளிச்கோ 2006 முதல் 2015 வரை அசைக்க முடியாதவராக இருந்து 18 முறை தற்காத்தார்.

உசிக் ஹெவிவெயிட் பிரிவில் அந்த வெம்ப்ளி சண்டை வரை போட்டது மொத்தமே எட்டுச் சண்டைகள். அவற்றில் உலகப் பட்டத்துக்கானவை ஆறு. காலத்தை மட்டும் எண்ணினால் அவர் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் எண்ணிக்கை முழுக் கதையையும் சொல்லிவிடாது. கிளிச்கோவையே எடுத்துக்கொள்வோம். அவர் காலத்தில் அவருக்குச் சமமாக நின்ற ஒரே வீரர், சொந்த அண்ணன் விட்டாலி. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதமாட்டோம் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். பிள்ளைகளாக அவர்கள் செய்தது சரி. ஆனால் அந்த ஒரு சண்டை இல்லாததால், விளாடிமிரின் நீண்ட ஆட்சியில் நெஞ்சில் நிற்கும் ஒரு பெரிய வெற்றியைத் தேட வேண்டியிருக்கிறது.

யாரை வென்றார்?

ஆகவே, எத்தனை பேரை வென்றார் என்பதைவிட யாரை வென்றார் என்று கேட்பதே நியாயம். இங்கேதான் அலி உயர்ந்து நிற்கிறார். 1964இல் சோனி லிஸ்டன், 1974இல் ஜார்ஜ் ஃபோர்மன். இருவரையும் யாரும் வீழ்த்த முடியாது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது வீழ்த்தினார். 1971இல் தம்மைத் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரைப் பிறகு இரண்டு முறை வென்றார்.

உசிக்கின் பட்டியல் சிறியது, ஆனால் கனமானது. 2018இல் மாஸ்கோவில் முராத் காசியேவை வென்று, குரூசர்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். பிறகு எடை கூட்டி மேலே வந்தார். 2021லும் 2022லும் ஆந்தனி ஜோசுவாவை வென்றார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று, நான்கு அமைப்புகளின் ஹெவிவெயிட் பட்டங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்த முதல் வீரரானார். 1999இல் லெனக்ஸ் லூயிசுக்குப் பிறகு, கால் நூற்றாண்டாக இந்தப் பிரிவில் போட்டியற்ற ஒரே வெற்றியாளர் என்று யாரும் இருந்ததில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபியூரியை மீண்டும் வென்றார். அடுத்து வெம்ப்ளி. 24 சண்டைகள், 24 வெற்றிகள், தோல்வி இல்லை.

குரூசர்வெயிட்டையும் ஹெவிவெயிட்டையும் முழுமையாகப் பிடித்தவர் அவருக்கு முன் ஒருவர்தான்: இவாண்டர் ஹோலிஃபீல்ட்.

உருவம் பெரிதா, வித்தை பெரிதா?

கடையில் அந்த இளைஞர் இன்னொரு வாதம் வைத்தார். “அந்தக் காலத்து ஆளுங்க சின்ன ஆளுங்க மாமா. இப்ப உள்ளவனுங்க மலை மாதிரி இருக்கானுங்க. எப்படித் தாங்குவாங்க?”

கேட்க வேண்டிய கேள்விதான். 49 சண்டைகளில் 49 வெற்றி பெற்று 1956இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்றைக்கு அவரைக் குரூசர்வெயிட் பிரிவில்தான் சேர்ப்பார்கள். ஜோ லூயிஸ் சுமார் 90 கிலோ.

ஆனால் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வதே உசிக்தான். ரியாத்தில் ஃபியூரியின் உயரம் 206 சென்டிமீட்டர், எடை சுமார் 119 கிலோ. உசிக் 191 சென்டிமீட்டர், சுமார் 101 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டைத் தூக்கிக்கொண்டு நின்றால்தான் எதிராளியின் எடைக்கு வருவார். ஆனாலும் ஒன்பதாவது சுற்றில் தள்ளாடி, நடுவர் எண்ணும் நிலைக்குப் போனவர் ஃபியூரி.

இப்போது 1975 ஜூலை 1க்குப் போவோம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். ஜோ பக்னருக்கு எதிராக 15 சுற்றும் போராடி, புள்ளிகளில் வென்ற அலியின் உயரமும் 191 சென்டிமீட்டர்தான். எடை சுமார் 102 கிலோ. மாமா சிறுவயதில் பத்திரிகையில் கேட்டறிந்த அலியும், மருமகன் கைப்பேசியில் பார்த்த உசிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அளவில் உள்ள ஒருவர், கால் வேகத்தாலும் மூளையாலும் இன்றைய மலைகளைச் சாய்க்க முடியும் என்று உசிக் காட்டிவிட்டார். அவருடைய வெற்றி பழையவர்களைச் சிறியவர்களாக்கவில்லை. அவர்களுக்காகச் சாட்சி சொல்கிறது.

எதைக் கடந்து வந்தார்?

வளையத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. 25 வயதிலிருந்து 28 வயதுவரை, ஒரு வீரரின் உச்சக் காலத்தில், அவரைச் சண்டையிட விடவில்லை. திரும்பி வந்து இரண்டு முறை பட்டத்தை மீட்டார். உசிக்கோ, 2022இல் நாட்டில் போர் மூண்டதும் கீவ் திரும்பித் தற்காப்புப் படையில் சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோசுவாவை இரண்டாம் முறை வென்றார். ஒருவர் போருக்குப் போக மறுத்து விலை கொடுத்தார், மற்றவர் தம் நாட்டின் போரிலிருந்து வளையத்துக்கு வந்தார். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அலி தோற்றும் எழுந்தார். உசிக் இன்னும் தோற்கவே இல்லை. விழுந்தவர் எப்படி எழுகிறார் என்ற தேர்வை அவர் எழுதியதில்லை.

ஆகவே நம் தீர்ப்பு இது: முதல் வரிசையில் அலியும் லூயிசும். அதற்கு அடுத்த வரிசையில், மார்சியானோ, ஹோம்ஸ், ஃபோர்மன், ஹோலிஃபீல்ட் ஆகியோருடன் உசிக்கும் தாராளமாக உட்காரலாம். நீண்ட காலம் ஆண்ட கிளிச்கோவைவிட ஒரு படி மேலாகவே.

எப்போது நிறுத்துவது?

அலியும் உசிக்கும் பிறந்தது ஒரே தேதியில், ஜனவரி 17. ஒருவர் 1942, மற்றவர் 1987. டுபோவாவைச் சாய்த்தபோது உசிக்கிற்கு வயது 38. அதே 38 வயதில்தான், 1980 அக்டோபரில், அலி தம்முடைய பழைய பயிற்சித் துணைவரான லேரி ஹோம்சிடம் அடிபட்டார். பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளரே சண்டையை நிறுத்தினார். அதன்பிறகும் 1981இல் இன்னொரு முறை ஏறித் தோற்றார். 1984இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிய வந்தது. 2016 ஜூன் 3இல் மறையும்வரை அந்த நடுக்கத்தோடுதான் வாழ்ந்தார்.

இதையெல்லாம் மருமகன் வாதத்துக்கு எடுக்கவில்லை. மாமாதான் எடுத்தார். பணம் கொடுக்க எழுந்தவர், கைப்பேசியில் நின்றிருந்த உசிக்கின் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“நல்லாத்தான் சண்டை போடுறான். அலிக்கு நிறுத்தத் தெரியலப்பா. இவனாவது கையி காலு நல்லா இருக்கும்போதே வீட்டுக்குப் போயிடணும்.”

மருமகன் மறுத்துப் பேசவில்லை. அன்று காலையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.