இறைச்சிக் கோழித் தீனிற் புரதமும் அதன் சமிபாடும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருட் சிலர், ஓய்வு நேரத்தில் இறைச்சிக் கோழி வளர்த்துத் தம் வருமானத்தைப் பெருக்கிக் கொள்கின்றனர். இத்தொழிலிற் செலவாகும் பணத்தின் பெரும்பகுதி தீனுக்கே செல்கின்றது. அச்செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் தேங்காய்ப் புண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் மிகுதியாகக் கலப்போர் உளர். குஞ்சுகள் வயிறார உண்கின்றன. ஆயினும் ஆறாவது வாரத்தில் எதிர்பார்த்த நிறையை அடைவதில்லை. குஞ்சு வாங்கிய கடனும் தீர்வதில்லை. நோய் யாதும் இல்லாதவிடத்து, இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் புரதத்தின் சமிபாட்டுக் குறைவேயாகும்.

மொத்தப் புரதம் என்பது யாது?

தீன் மூடையிற் குறிக்கப்படுவது மொத்தப் புரதமாகும். தென்மார்க்கைச் சேர்ந்த யொகான் கெல்டால் என்னும் இரசாயன அறிஞர் 1883ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, தீனிலுள்ள நைதரசனை அளந்து, அதனை 6.25 ஆற் பெருக்கி இத்தொகையைப் பெறுவர். அந்நைதரசன் எப்பொருளிலிருந்து வந்ததென்பதை இக்கணக்குக் காட்டாது. கோழியிறகில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் புரதமுண்டு. எனினும் பதப்படுத்தாத இறகு கோழிக்குச் சமிப்பதில்லை. மீன் தூளில் யூரியாவைக் கலந்தாலும் கணக்கிற் புரதம் உயரும், குஞ்சு வளராது.

சமிபாடு அளக்கப்படும் முறை

உண்ட புரதம் நொதியங்களால் அமினோ அமிலங்களாகப் பிரிந்து சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றது. கோழியின் மலமும் சிறுநீரும் ஒன்றாகவே கழிகின்றன. பெருங்குடற் பகுதியிலுள்ள பற்றீரியங்களும் எஞ்சிய புரதத்தை மாற்றிவிடுகின்றன. ஆதலால் ஆராய்ச்சியாளர் சிறுகுடலின் இறுதியிலுள்ள உணவுக் கூழைச் சோதிக்கின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் வேல்முருகு இரவீந்திரனும் உடன் ஆய்ந்தோரும், 22 வகைத் தீன்பொருள்களின் 107 மாதிரிகளை இவ்வாறு சோதித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே பெயருடைய பொருளிலும் மாதிரிக்கு மாதிரி சமிபாடு வேறுபடுவதை அவை காட்டின.

புண்ணாக்கு இரண்டின் ஒப்பீடு

100 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கிற் புரதம் ஏறக்குறைய 20 கிலோ. சோயாப் புண்ணாக்கில் 45 கிலோ. இரண்டு மடங்கு தேங்காய்ப் புண்ணாக்கு இட்டாற் போதுமெனத் தோன்றலாம். ஆனால் தசை வளர்ச்சிக்கு இன்றியமையாத இலைசீன் என்னும் அமினோ அமிலத்தை நோக்குக. சோயாவிலிருந்து குஞ்சு பெறுவது சுமார் 2½ கிலோ. தேங்காய்ப் புண்ணாக்கிலிருந்து பெறுவது அரைக் கிலோவிற்கும் குறைவு. தேங்காய்ப் புரதத்தில் இலைசீன் இயல்பாகவே குறைவு. மேலும், எண்ணெய் பிழியும்போது எழும் வெப்பத்தால் அதன் ஒரு பகுதி சர்க்கரையுடன் பிணைந்து பயனற்றதாகின்றது. நார்ப்பொருளும் சமிபாட்டைத் தடுக்கின்றது.

ஓர் அமினோ அமிலம் குறையின், ஏனையவை மிகுந்திருந்தும் பயனில்லை. மிஞ்சியவை யூரிக்கமிலமாகிக் கூளத்திற் சேர்ந்து, அமோனியா நெடியாய் எழுகின்றன. கூட்டில் அந்நெடி கண்ணைக் கரிக்குமாயின், ஈரக்கூளத்துடன் தீனையும் ஐயுறுதல் வேண்டும்.

ஏனைய பொருள்கள்

சோளத்திற் புரதம் நூற்றுக்கு 8 அல்லது 9 பங்கே. ஆயினும் நன்கு சமிக்கும். கலப்பற்ற மீன் தூள் மிகச் சிறந்தது. எள்ளுப் புண்ணாக்கில் மெதையொனீன் மிகுதி, இலைசீன் குறைவு. ஆதலால் சோயாவுக்கு நல்ல துணையாகும். பச்சைச் சோயாவிற் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் உண்டு. அளவான வெப்பம் அதனை அழிக்கும். கருகுமளவிற்கு வறுத்தால் இலைசீன் கெடும். இறப்பர் விதையில் ஐதரோசயனிக் கமிலத்தைத் தோற்றுவிக்கும் நச்சுப்பொருள் இருப்பதால், தோட்டத்தில் இலவசமாகக் கிடைப்பினும் பதப்படுத்தாது இடலாகாது.

கவனிக்க வேண்டியவை

1. முதல் மூன்று வாரங்களுக்குச் சோயா, மீன் தூள் ஆகியவற்றைக் கொண்ட நல்ல குஞ்சுத் தீனையே கொடுத்தல் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கைப் பின்னரே சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

2. கருகிய, காறல் வாடையுள்ள, பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை வாங்கலாகாது. மழை மிகுந்த இம்மாகாணத்தில் மூடைகளை நிலத்திற் படாது பலகைமேல் வைத்தல் அவசியம்.

3. வாரந்தோறும் பத்துக் குஞ்சுகளை நிறுத்து, இட்ட தீனின் அளவையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒரு கிலோ உடல் நிறைக்கு இரண்டு கிலோவிற்கு மேல் தீன் செல்லுமாயின், மலிவாக வாங்கிய தீனே நட்டத்திற்குக் காரணமாயிருத்தல் கூடும்.

தீனின் விலையை மூடைக்கு இவ்வளவு எனக் கணித்தல் போதாது. கோழியின் உடலிற் சேர்ந்த நிறைக்கு எவ்வளவு எனக் கணித்தலே முறையாகும். ஐயமுள்ளோர் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெறுவாராக.