பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிப்பு

நிலவியல் என்பது புவியின் பாறைகள், கனிமங்கள், அவற்றின் தோற்றம், அமைப்பு, வயது ஆகியவற்றை ஆராயும் அறிவியல் துறையாகும். இலங்கையில் இதனைப் புவிச்சரிதவியல் என்பர். பள்ளியில் நாம் படிக்கும் புவியியல் வேறு. அது நிலப்பரப்பு, காலநிலை, மக்கள், தொழில் ஆகியவற்றைப் பற்றியது. 1851இல் தொடங்கப்பட்ட அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனத்தையே நாளேடுகள் ‘இந்தியப் புவியியல் ஆய்வு மையம்’ என்று எழுதுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இது வெறும் சொல் குழப்பமன்று. அந்த நிறுவனத்தின் நிலவியலாளர் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுத, நிலவியலிலோ அதனைச் சார்ந்த குறிப்பிட்ட பாடங்களிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். புவியியல் பட்டம் அதற்கு உதவாது. பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, ஓராண்டு கழிந்தபின் ஆசிரியர்களிடம் வழி கேட்டு வந்த மாணவர்களை நான் அறிவேன்.

பாடங்கள்

இளம் அறிவியல் மூன்று ஆண்டுகள், முது அறிவியல் இரண்டு ஆண்டுகள் என்பது வழக்கமான அமைப்பு. கனிமவியல், பாறையியல், தொல்லுயிரியல், அடுக்குப் பாறையியல், கட்டமைப்பு நிலவியல், கனிம வளம், நிலத்தடி நீர் ஆகியவை முதன்மைப் பாடங்கள். ஐ.ஐ.டி.க்களில் முதுகலை சேர்வதற்கான ‘ஜாம்’ நுழைவுத் தேர்விலும் நிலவியலுக்குத் தனித் தாள் உண்டு. வேதியியலில் விருப்பமில்லாதவருக்குக் கனிமவியல் சற்றுக் கடினமாகவே இருக்கும்.

ஆய்வகம்

முதலில் கற்பது கையில் எடுத்த கல்லை அடையாளம் காண்பது. நிறத்தை நம்பக்கூடாது என்பதே முதல் பாடம். கடினத்தன்மை, பிளவு, பளபளப்பு, பீங்கான் தகட்டில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கும். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாது.

அடுத்தது நுண்ணோக்கி. பாறையை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். அந்த அளவில் கருங்கல்லும் ஒளியை ஊடுருவ விடும். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லை இவ்வாறு பார்த்தால், அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம், மேடையைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். இக்கனிமம் இருப்பது, பாறை புவியோட்டின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் உருவானதற்குச் சான்று. இப்பாறைக்குத் தாமஸ் ஹாலண்டு ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இவ்வகையினது என்பதே காரணம். பாறைக்குப் பெயர் கிடைத்தது கல்லறையிலிருந்து!

களப்பயணம்

படிப்பின் உயிர் இதுதான். சுத்தியல், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, திசைகாட்டி, குறிப்பேடு ஆகியவற்றுடன் வெயிலில் நடக்க வேண்டும். பாறை அடுக்கு எந்தத் திசையில் நீள்கிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்து வரைபடத்தில் குறிப்பார்கள். இந்த இரண்டு அளவுகளைக் கொண்டே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் அதே அடுக்கு எங்கே கிடைக்கும் என்று கணக்கிடலாம். கிணறு தோண்டும் இடமும் சுரங்கம் வெட்டும் திசையும் இந்தக் கணக்கில் அடங்கும். அளவு பிழையானால் பணமும் உழைப்பும் வீண்.

தமிழ்நாட்டு மாணவருக்கு அரியலூர் ஒரு திறந்தவெளி நூலகம். கடல் இன்று வெகு தொலைவில் இருக்க, காரை என்னும் ஊருக்கு அருகில் ஓடைகள் அரித்த களிமண் மேடுகளில் அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. கிரீத்தேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதை மாணவர் கையால் தொட்டு அறியலாம். அதே வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது.

பெண்களைக் களப்பயணத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது இன்னும் இருக்கிறது. களப்பயண அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், சேரும் முன்பே எத்தனை நாட்கள், எங்கே தங்கல், உடன் வரும் பெண் ஆசிரியர் யார் என்று துறைத்தலைவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.