ஆடிப் பட்டமும் வங்கத்து மழையும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சென்னையிலிருந்து ஹௌராவுக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் இருப்புப் பாதை கடந்து வந்து குடியேறிய பின்னும், ஆடி பிறந்தால் நம் கை விதைப் பொட்டலத்தைத் தேடுகிறது. அப்படித் தேடிய கை ஒருமுறை சுட்டுக்கொண்ட கதையையும், அதிலிருந்து நாம் கற்ற பாடத்தையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நம் அன்னையார் தஞ்சைத் தரணியில், வீட்டுக் கொல்லையில் ஒரு நாட்டுக் கத்தரியைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தார். சிறிய காய்; வெளிர் பச்சையில் ஊதா வரி ஓடும். ஆண்டுதோறும் முற்றிய பழத்திலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைப்பார். அவர் மறைந்து, ஊரிலிருந்த வீடும் கைமாறிய பின்னர், நம்மிடம் எஞ்சியது அத்துணி முடிச்சு ஒன்றே. அதன் விதை தீர்ந்தால் அந்தக் கத்தரியும் நமக்குத் தீர்ந்தது.

வழக்கம்போல் ஆடி மாதத்தில், லேக் மார்க்கெட்டுக்கு அண்மையிலுள்ள நம் வீட்டு மொட்டை மாடியில், அகன்ற தொட்டி ஒன்றில் விதையைத் தூவினோம். முழுவதையும் தூவியிருப்போம், இல்லத்தரசியார்தாம் பாதியைப் பிடிவாதமாக எடுத்து வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் பச்சைப் பசேலென்று முளை கண்டது. பத்தாம் நாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மழை விட்டபின் மாடிக்குப் போய்ப் பார்த்தால், அத்தனை நாற்றும் அடித்தண்டு நூலாய் இளைத்து மண்ணில் சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அடுத்த வீட்டு மாடியில் தோட்டம் வளர்க்கும் வங்க மூதாட்டியாரை நாம் 'மாஷிமா' என்றே அழைப்போம். அவர் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நம் இல்லத்தரசியாரிடம், "பௌமா, வானம் முழுவதையும் கொட்டும் சிராவண மாதத்தில் யாராவது திறந்தவெளியில் கத்தரி நாற்று விடுவார்களா? பூஜை கழியட்டும், அதுவரை பொறுத்திரு" என்றார்.

இரு மாதங்கள், ஒரே பெயர்த்தி

மாஷிமாவின் 'சிராவணம்' நம் 'ஆடி'யேதான். தமிழர் ஆண்டும் வங்காளியர் ஆண்டும் கதிரவன் வழிப்பட்டவை. நம் சித்திரையும் அவர்கள் வைசாகமும் ஏப்ரல் நடுவில் ஓரிரு நாள் இடைவெளியில் பிறக்கின்றன. எனவே மாதங்கள் இரண்டு மொழிகளிலும் கைகோத்தே நடக்கின்றன. மாதம் ஒன்றாயினும் மழை ஒன்றன்று. இதை மறந்ததே நம் பிழை.

தமிழகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆடியில் பெரும்பாலும் தூறலோடு நின்றுவிடும். காவிரியில் மட்டும் புதுவெள்ளம் வரும். பெருமழையை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றே கொணர்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஆகவே ஆடியில் விதைத்த பயிர், மிதமான ஈரத்தில் முளைத்து வேரூன்றி, பெருமழை வருமுன் திடம் பெற்றுவிடுகிறது. பழமொழியின் நுட்பம் இதுவே.

கொல்கத்தாவின் நிலை நேர்மாறானது. ஜூன் நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவில்தான் விடைபெறுகிறது. ஆண்டில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நம் ஊரின் ஆடியைப் போல் பணிவான ஆடியன்று இது. இளநாற்று சாய்வதற்குக் காரணம், ஈர மண்ணில் பெருகும் 'பித்தியம்' முதலிய பூஞ்சணங்கள். நம் உழவர் இதனை நாற்றழுகல் என்பர். தண்ணீர் தேங்கி, காற்றோட்டம் குன்றி, நாற்று நெருங்கி நின்றால் இந்நோய் ஒரே இரவில் பாத்தியை அழித்துவிடும்.

வங்கத்துக்கு ஏற்ற பட்டம்

பழமொழியைக் கைவிட வேண்டியதில்லை. அதன் பொருளை இந்த மண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் கண்டும் கேட்டும் அறிந்த பட்டங்களை இங்கே தருகிறோம்.

மாசி, பங்குனி: வெண்டை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, வெள்ளரி, கொத்தவரை ஆகியவற்றை விதைக்கலாம். நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாலைகளில் திடீரென வீசும் 'கால்பைசாகி' புயற்காற்றைத் தாங்கும்படி பந்தலை இறுகக் கட்டுதல் நன்று.

வைகாசிக் கடைசி, ஆனி: அவரை, பூசணி, காராமணி, கொடிப்பசலை ஆகியவற்றுக்கு ஏற்ற காலம். மேடு கட்டி, மழை வலுக்குமுன் ஊன்ற வேண்டும். அவரை பகற்பொழுது குறுகத் தொடங்கும்போதே பூக்கும் இயல்புடையது. ஆகவே ஆனியில் ஊன்றிய கொடி ஆவணியில் பூக்கவில்லையே என்று வெட்டிவிடலாகாது. குளிர் தொடங்கியதும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். வங்காளியர் 'ஷிம்' என்று விரும்பி உண்பது இதனையே.

ஆடி, ஆவணி: சிறு விதைகளைத் திறந்தவெளியில் தூவ வேண்டா. தூவியே ஆகவேண்டுமெனில், மழை படாத தாழ்வாரத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் நாற்றுத் தொட்டியை வைக்கலாம்.

புரட்டாசி இறுதி, ஐப்பசி: தக்காளி, கத்தரி, மிளகாய், காலிபிளவர், முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு நாற்று விடலாம். முள்ளங்கியையும் கீரைகளையும் நேராக விதைக்கலாம். கார்த்திகையில் காரட், பீட்ரூட், பட்டாணி, கொத்தமல்லி, வெந்தயம், பாலக் ஆகியவை செழிக்கும். நம் ஊரில் மலைமேல் விளையும் காய்கள் இங்கே மாடியிலேயே விளையும் என்பது வங்கத்துக் குளிர் நமக்கு அளிக்கும் கொடை.

விதை முதல் நாற்று வரை

விதையை அதன் பருமனைப் போல் இரு மடங்கு, மிஞ்சினால் மும்மடங்கு ஆழத்தில் இடவேண்டும். கீரை, கத்தரி விதைகளுக்கு மேலே சலித்த மண்ணைத் தூவினால் போதும். தோல் தடித்த பாகல், புடலை விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றுக. கொத்தமல்லியை இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். முள்ளங்கி மூன்று நான்கு நாளிலும், வெண்டை ஐந்தாறு நாளிலும், தக்காளி ஒரு வாரத்திலும் முளைக்கும். மிளகாய்க்குப் பத்து நாள்வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு மண்ணைக் கிளறிப் பார்ப்பவர் வீட்டில் மிளகாய் முளைப்பதில்லை.

கங்கைக் கரையின் வண்டல் வளமானது. ஆனால் தொட்டியில் இட்டால் இறுகிவிடும். ஆகவே ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்றுமணல் எனக் கலப்பது நலம். உரத்துக்கு வெளியே அலைய வேண்டுவதில்லை. நகரின் கிழக்கே தாப்பாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரக் குப்பை கொட்டிய நிலத்திலேயே காய்கறி பயிரிட்டு வருகிறார்கள். அப்பகுதியை உள்ளடக்கிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்றது. நம் வீட்டுக் காய்த்தோலும் அவ்வாறே பொன்னாகும். நாம் ஊரில் கடலைப் பிண்ணாக்கு இட்டதுபோல், இங்குள்ளோர் கடுகுப் பிண்ணாக்கைச் சில நாள் ஊறவைத்து, நிறைய நீர் சேர்த்து ஊற்றுகிறார்கள். வாசனை மூக்கைத் துளைக்கும். செடி அதனை மன்னித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈரமண் பாரம் மிக்கது. பழைய வீடுகளின் மாடியில் தொட்டிகளை நடுவே குவிக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வைக்க வேண்டும். அடுத்து, தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு ஒரு தட்டு நீரே போதுமானது. கொசுவின் வழியாகப் பறவைகளுக்கு மலேரியா பரவும் முறையை ரொனால்ட் ராஸ் 1898-இல் கண்டு நிறுவியது இந்நகரில்தான். அந்நகரில் வாழும் நாம் தட்டைக் கவிழ்த்து வைக்க மறக்கலாமா?

விதையும் குடிபெயரும்

இந்நகருக்கும் விதைக்கும் நெடுநாள் உறவுண்டு. ராபர்ட் கிட் என்பவரால் 1787-இல் சிப்பூரில் தாவரவியல் தோட்டம் தொடங்கப்பெற்றது. வில்லியம் கேரி 1820-இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் அலிப்பூரில் உள்ளது. ஞாயிறுதோறும் காலிஃப் தெருச் சந்தையில் விதையும் செடியும் விலைக்குக் கிடைக்கின்றன. இன்று நாம் ஊர்க்காய் என்று எண்ணும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி வந்ததுதான். வந்த மண்ணில் வேரூன்றுவது செடிக்கு இழுக்கன்று, மனிதருக்கும் அப்படியே.

எனினும் வேரூன்றுவதற்கு விதை இருக்க வேண்டும். கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதை முதல் ஆண்டு அள்ளிக் கொடுக்கும். அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் அமையாது. நாட்டு விதை தலைமுறை தலைமுறையாகத் தன் குணத்தைக் காக்கும். கத்தரி, தக்காளி, அவரை ஆகியவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. அவற்றில் விதை எடுப்பது எளிது. சுரை, பூசணி முதலியவற்றை வண்டும் தேனீயும் கலந்துவிடும். அவற்றுக்கு ஆண்பூவைக் கொய்து பெண்பூவில் தடவி, பெண்பூவைத் துணியால் கட்டிவைக்க வேண்டும். பூசணிக்குக் காலையிலும், அந்தியில் மலரும் சுரைக்கு மாலையிலும் இதனைச் செய்க.

கத்தரி மஞ்சளாகப் பழுத்து முற்றிய பின் பறித்து, விதையைப் பிசைந்து கழுவி, நீரில் மூழ்கும் விதையை மட்டும் கொள்ள வேண்டும். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத கலத்தில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத் திறன் கெடாது. வெங்காய விதை ஓராண்டு தாண்டுவது அரிது. வங்கத்து மழைக்கால ஈரம் விதைக்குப் பகை என்பதை நினைவிற் கொள்க.

விதைநெல்லை உண்ணலாகாது என்பது நம் உழவர் அறம். 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு நகர் முற்றுகையிடப்பட்டபோது, அங்கிருந்த விதைச் சேகரிப்பைக் காத்த அறிவியலாளர் சிலர் பசியால் மாண்டனரேயன்றி, தம் காவலில் இருந்த தானியத்தை உண்ணவில்லை. நாடு வேறு, மொழி வேறு, அறம் ஒன்றே.

மீந்த பாதி

நம் கதைக்கு வருவோம். மாஷிமாவின் சொற்படி துர்கா பூஜை கழியக் காத்திருந்து, ஐப்பசி முதல் வாரத்தில், இல்லத்தரசியார் காத்துவைத்த பாதி விதையைத் தூவினோம். இம்முறை தொட்டியில் துளைகளைப் பெருக்கினோம். விதையை நெருக்காமல் வரிசையாக இட்டோம். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் தெளித்தோம். முளைத்தவற்றுள் பதினான்கு நாற்றுகள் தேறின. கார்த்திகையில் அவற்றைப் பெயர்த்து நட்டோம். மார்கழிக் குளிரில் அவை வளராமல் ஒடுங்கி நின்றபோது நம் நெஞ்சும் ஒடுங்கியது. தை கழிந்து வெயில் ஏறியதும் தளிர்விட்டன. மாசியில் வெளிர் பச்சையில் ஊதா வரியோடிய முதற்காயைக் கண்டோம்.

பிள்ளைகள் அதனைப் பறிக்க ஓடினர். இல்லத்தரசியார் தடுத்து, அக்காம்பில் ஒரு நூலைக் கட்டினார். அது விதைக்காய். இரண்டாம் பறிப்பில் வந்த காய்களே கறியாயின. மாஷிமாவுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினோம். அவர் கிண்ணத்தை வெறுமனே திருப்பவில்லை. தம் வீட்டு அவரை விதை ஒரு கைப்பிடி அதில் இருந்தது.

அன்னையார் கையால் முடிந்த துணி இப்போது வெறுந்துணியாயிற்று. ஆனால் அந்தக் கத்தரி இருக்கிறது. நம் ஒரு வீட்டு மாடியில் மட்டும் இருப்பது போதாது என்பதை அந்த ஆடி மழை நமக்கு உணர்த்திவிட்டது. ஒரு வீட்டில் அழுகினால் மற்றொரு வீட்டில் முளைக்க வேண்டும். ஆகவே நேயர்களை ஒன்று வேண்டுகிறோம். உங்கள் பெட்டியின் அடியிலும், அஞ்சறைப் பெட்டியின் மூலையிலும் ஊரிலிருந்து வந்த விதை ஏதேனும் இருக்கக்கூடும். அதில் பாதியை இவ்வாண்டு காலமறிந்து விதையுங்கள். பாதியை எடுத்து வையுங்கள். விளைந்ததில் ஒரு பிடியைப் பொங்கலுக்கு நாம் கூடும்போது கொண்டு வாருங்கள். நாமும் நம் கத்தரி விதையோடு வருவோம்.