தோட்ட மரங்களைக் கிளப்பிக் குறுமரமாக வளர்த்தல்

வேலி புதுக்கும்போதும், கிணறு திருத்தும்போதும், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் எத்தனையோ மரங்கள் கோடரிக்கு இரையாகின்றன. பல ஆண்டுகளாக ஆடு கடித்தும் கத்தி பட்டும் உயரம் குன்றி, அடிமரம் மட்டும் திரண்டு நிற்கும் மரங்கள் அவற்றுள் உண்டு. விறகுக்கும் உதவாதென நாம் தள்ளிவிடும் இத்தகைய மரங்களே, தட்டையான சாடியில் வளர்க்கப்படும் குறுமரத்துக்கு மிக ஏற்றவை.

குறுமரத்தை யப்பானியர் போன்சாய் என்பர். தட்டில் நடப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். சீனத்தில் தோன்றிய இக்கலை யப்பானில் சிறப்புற்றது. 1923 ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சிக்குப் பின்னர், தோக்கியோ நகரிலிருந்து வெளியேறிய வளர்ப்போர் 1925 இல் ஓமியா என்னுமிடத்தில் இதற்கெனவே ஒரு கிராமம் அமைத்தனர். சாடியின் சிறிதளவு மண்ணில் அடிமரம் விரைவில் பருப்பதில்லை. நிலத்திலே பருத்த மரத்தைக் கிளப்பி எடுப்பின் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

மரத்தைத் தெரிதல்

அடிமரம் 2 முதல் 4 அங்குலம் வரை பருத்ததாயும், மேல்நோக்கிச் சிறுத்துச் செல்வதாயும், தாழ்வாகக் கிளைத்ததாயும் இருத்தல் நன்று. அடியிலுள்ள மண்ணைச் சிறிது விலக்கிப் பார்க்க வேண்டும். வேர்கள் நாற்புறமும் பரந்திருப்பின் அம்மரம் சிறந்தது. ஆல், அரசு, இத்தி, புளி, மாதுளை, தேசி, கடதாசிப்பூ ஆகியவை ஏற்றவை. தென்னை, பனை, கமுகு என்பன வெட்டியபின் கிளைக்கமாட்டா. ஆதலால் அவை உதவா.

காட்டு மரங்களில் கை வைத்தல் ஆகாது. அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சொந்த வளவில் உள்ளதை, அல்லது உரியவர் இசைவுடன் பிறர் வளவில் உள்ளதை மட்டுமே எடுக்க வேண்டும். 2009 இல் போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியேறிய பகுதிகளில் மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்தில், எத்துணை நல்ல மரம் நின்றாலும், மண்வெட்டியோ அலவாங்கோ போடலாகாது.

வேரை ஆயத்தஞ் செய்தல்

மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுபவர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நீரை உறிஞ்சுவன நுண்ணிய வேர்களே. பருத்த வேர்கள் மரத்தைத் தாங்குவதற்கும் உணவைச் சேமிப்பதற்கும் உரியவை. வளர்ந்த மரத்தின் நுண்வேர்கள் அடிமரத்துக்கு வெகு தொலைவில் இருக்கும். அவசரமாக வெட்டி எடுப்பின் அவையெல்லாம் நிலத்திலேயே தங்கிவிட, மரம் வாடி மடியும். ஆகவே அடிமரத்துக்கு அண்மையில் புதிய வேர்களை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

வரண்ட வலயத்தில் ஐப்பசி மழை தொடங்கியதும், 3 அங்குல மரத்துக்கு ஏறத்தாழ 1 அடி தள்ளி, அரைவட்டமாக ஒரு கிடங்கு வெட்டி, எதிர்ப்படும் வேர்களைக் கூரிய வாளால் அறுக்க வேண்டும். பின்னர் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணால் அக்கிடங்கை நிரப்பலாம். சித்திரை மழையுடன் மற்றைய அரைவட்டத்தையும் இவ்வாறே செய்து, அடுத்த ஐப்பசியில் மரத்தைக் கிளப்ப வேண்டும். புளிக்கும் மாதுளைக்கும் தேசிக்கும் இப்பொறுமை இன்றியமையாதது. ஆலும் அரசும் கடதாசிப்பூவும் உடனே கிளப்பினும் பெரும்பாலும் பிழைக்கும்.

கிணற்றுக்கட்டில் முளைத்த அரசு

பறவைகள் இட்ட விதையால் கிணற்றுக்கட்டிலும் பழஞ்சுவரிலும் ஆலும் அரசும் முளைப்பதுண்டு. விட்டுவைப்பின் கட்டுப் பிளக்கும். வெட்டவோ பலருக்கு மனம் இடங்கொடாது. கிளப்பிச் சாடியில் வைப்பின் கிணறும் தப்பும், மரமும் தப்பும். சில கற்களைப் பெயர்த்து, கிடைக்கும் வேர்களுடன் எடுத்தல் போதுமானது; ஆலின் பருத்த போத்துக்கூட ஈரமணலில் வேர்விடும். எஞ்சிய வேரை நீக்கிக் கட்டைப் பூசாவிடின் மீண்டும் முளைக்கும். கிணற்றோரத்தில் இவ்வேலையைத் தனியே செய்தல் கூடாது. இடுப்பிற் கயிறு கட்டி, உதவிக்கு ஒருவரையும் நிறுத்திக்கொள்க.

கிளப்பி நடுதல்

முதல்நாள் நிலத்தை நன்கு நனைத்து, மறுநாள் வெயிலேறுமுன் கிளப்ப வேண்டும். கொப்புகளைக் குறைத்தால் நீரிழப்புக் குறையும். புளி, தேசி, மாதுளை ஆகியவற்றில் சில இலைக்கொத்துகளை விட்டுவைத்தல் அவசியம். தேசியின் வேர்மண்ணை உதிர்க்காமல் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் வேரை ஈரச்சாக்கால் மூடுதல் வேண்டும்.

இந்நிலையில் தட்டைச் சாடி ஆகாது. அடியில் துளைகளுள்ள மரப்பெட்டியோ பெரிய மண்சாடியோ போதும். பருமணல், கடலையளவு உடைத்த செங்கல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புக. மரம் அசையின் புதுவேர் அறும்; ஆதலால் அதைப் பெட்டியோடு இறுகக் கட்டிக் கிடுகுப் பந்தலின் கீழ் வைத்தல் வேண்டும். மேல்மண் காயத் தொடங்கும்போது நீர் ஊற்றினால் போதும்.

துளிரைக் கண்டு ஏமாறலாகாது

சில வாரங்களில் துளிர் தோன்றும். பலர் மரம் பிழைத்ததென எண்ணி வெயிலில் வைப்பதும், பசளை இடுவதும், வேரைக் கிளறிப் பார்ப்பதும் இக்கட்டத்திலேதான். முதல் துளிர் அடிமரத்தில் சேமித்திருந்த உணவினால் வருவது. வேர் பிடித்ததற்கு அது சான்றாகாது. வேரின்றித் துளிர்த்த மரம் சேமிப்பு முடிந்ததும் கருகிவிடும். துளிர் நீண்டு, இலை முற்றி, இரண்டாம் முறையும் தளிர்த்தபின்னரே மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, சிறிதளவு பசளை இடலாம். ஓராண்டு வரை வேரைத் தொடாதிருத்தல் நலம். கொப்புகளைக் கம்பி சுற்றி வளைத்தலும் தட்டைச் சாடிக்கு மாற்றுதலும் அதன் பின்னரே.

சாடியின் கீழ் வைக்கும் ஏந்துதட்டில் நீர் தேங்க விடாதீர்கள். அதில் டெங்கு நுளம்பு பெருகும்.

முடிவுரை

நெல்லும் மிளகாயும் தரும் வருவாய்க்கு இது ஈடன்று. விற்பனைக்குத் தகுந்த குறுமரம் உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். ஆயினும் இதற்கு நிலம் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் இல்லை. நாள்தோறும் சிறிது நேரக் கவனிப்பே வேண்டும். பாட்டன் நட்ட மாதுளை புதுவீட்டின் அத்திவாரத்துள் அகப்பட நேர்ந்தால், கோடரி எடுக்குமுன் ஓராண்டு முன்னதாகவே மண்வெட்டியை எடுங்கள். அம்மரம் உங்கள் முற்றத்திலேயே மீண்டும் பூக்கும்.